மூடிய சிப்பியும் திறந்த கேள்வியும்

அரிப்புக் கரையில் அரசாங்கம் முத்தை விற்கவில்லை, சிப்பியை விற்றது. அதையும் திறந்து காட்டி விற்கவில்லை. கடலிலிருந்து வந்தபடியே, வாய் மூடியிருக்க, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை தருவீர்கள் என்று ஏலம் விட்டது. உள்ளே ஆணிமுத்து இருக்கலாம், தூள் முத்து இருக்கலாம், அழுகப்போகும் சதையைத் தவிர ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, காலில் கல்லைக் கட்டி இறங்கி அதை அள்ளி வந்த சுழியோடிக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே அளவு அறியாமையோடு நின்று விலை கேட்கிற சந்தையில் சூதைத் தவிர வேறென்ன இருந்திருக்க முடியும் என்று தோன்றும். இருந்தது. அங்கே எதை மறைத்தார்கள், எதைத் திறந்து வைத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால், பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் உள்ள மிக நுட்பமான ஒரு கலை விளங்கும் என்பது என் வாதம். ஆட்டத்தில் ஏலம் கேட்பதற்குக் கேள்வி என்று பெயர். கூட்டாளியோடு செய்துகொண்ட வழக்கத்துக்கு மாறான கேள்வி ஒப்பந்தங்களை எதிரணிக்கு ஒளிக்காமல் எடுத்துச் சொல்வதுதான் அந்தக் கலை. அதை ஆட்டத்தின் மேல் சுமத்திய ஓர் ஒழுக்கக் கட்டாயமாகவே பலர் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அருவி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அண்மையில் இருக்கிறது அரிப்பு. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பு நடக்கும்போது தங்கியிருந்து மேற்பார்வை செய்யவென்றே 1801க்கும் 1804க்கும் இடையில் இங்கே ஒரு மாளிகை கட்டினார். டொரிக் என்று ஏடுகளிலும் அல்லிராணி கோட்டை என்று ஊர் வாயிலும் பெயர் பெற்ற அந்தக் கட்டடத்தின் எஞ்சிய சுவர்களைக் கடல் இன்று அரித்துக்கொண்டிருக்கிறது. நோர்த் காலத்தில் முத்துக்குளிப்பை முழுமையாகக் குத்தகைக்கு விடும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அரசாங்கமே நடத்தி, தன் பங்குச் சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டது. 1905இல் தெற்கே மரிச்சுக்கட்டியில் போட்ட முகாமில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பி கரைக்கு வந்தது. அரசாங்கத்துக்குச் சேர்ந்த வருமானம் ஏறத்தாழ 25 லட்சம் ரூபா. அவ்வளவு பணமும் மூடிய ஓட்டின் மேல் கேட்ட விலை.

அந்த முகாமில் என்னை மிகவும் கவர்வது ஏலத்துக்கு முன்னால் நடக்கும் பங்கீடு. சிப்பியைக் கொண்டுவந்து கொட்டிப் பிரிக்கும் அடைப்புக்குக் கொட்டு என்று பெயர். படகு கரைதட்டியதும் சுழியோடிகள் தங்கள் சிப்பியைக் கொட்டுக்குச் சுமந்து சென்று, தாங்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அரசாங்கத்துக்கு இரண்டு, அவர்களுக்கு ஒன்று. எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்பதை அவர்கள் பிரித்து முடித்த பிறகு அதிகாரி சுட்டிக்காட்டுவார். 1906இல் மரிச்சுக்கட்டியில் கொட்டுப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். பிரிக்கிறவர் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறவர் பிரிப்பதில்லை. பெரிய சிப்பியை ஒரு குவியலில் சேர்த்து வைத்துப் பயனில்லை, அது யாருக்குப் போகும் என்று பிரிக்கும்போது தெரியாது. சோதனை, காவல், மிரட்டல் எல்லாம் அங்கே இருக்கத்தான் செய்தன. ஆனால் இந்த ஒரு நடைமுறைக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நல்ல விதி மனிதரின் நேர்மையை நம்பி நிற்பதில்லை. நேர்மையாக நடப்பதே இலாபம் என்ற நிலையை உண்டாக்கிவிடுகிறது. இந்தக் குவியல்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜின் விதிகளிலும் இதே கைத்திறன் தெரியும்.

சிப்பி மூடியிருந்தாலும், சிப்பியைப் பற்றிச் சொல்லக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே சொன்னார்கள். முத்துச் சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான பார்களுக்கென்றே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். பருவத்துக்கு முன்பே பார்களைப் பரிசோதித்து, மாதிரிக்குச் சிப்பி அள்ளி, முத்தைக் கழுவி எடுத்து, தேர்ந்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு என்ன பெறும் என்று கணக்கிட்ட பின்புதான் முத்துக்குளிப்பு உண்டா இல்லையா என்ற முடிவு. உண்டு என்றால் அறிவித்தல் வரும். எந்தப் பார், அதில் ஏறத்தாழ எத்தனை சிப்பி, எத்தனை படகுக்கு எத்தனை நாள் வேலை, பணத்தை எப்படிக் கட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தியக் கரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் மணலில் கால் வைத்தார்கள். அப்படியிருந்தும் ஒரே பாரின் சிப்பிக்கு ஒரு நாள் ஒரு விலை, மறுநாள் வேறு விலை. எல்லோருக்கும் ஒரே செய்தி தெரிந்திருந்தது, எல்லோருக்கும் ஒரே பொருள் மறைந்திருந்தது. எஞ்சியது அவரவர் மதிப்பீடும் துணிவும்தான். போட்டி என்று நான் சொல்வது இந்த எஞ்சியதை.

இதே முத்து வணிகத்தில் இன்னொரு விதமான மறைவும் உண்டு. இரண்டு வணிகர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு துணியைப் போட்டுக் கைகளை மூடிக்கொள்வார்கள். துணிக்கடியில் ஒருவர் மற்றவரின் விரலைப் பிடிப்பார். வாயிலிருந்து ஒரு சொல் வராது, முகத்தில் ஓர் அசைவு தெரியாது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாப் பகுதி வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு மணி வணிகர் தவெர்னியே இந்த முறையின் கணக்கையே எழுதி வைத்திருக்கிறார். கை முழுவதையும் பிடித்து அழுத்தினால் ஆயிரம், எத்தனை முறை அழுத்தினாரோ அத்தனை ஆயிரம். ஐந்து விரலும் சேர்ந்தால் ஐந்நூறு, ஒரு விரல் நூறு, நடுக்கணு வரை பிடித்தால் ஐம்பது, நுனிக்கணு மட்டும் என்றால் பத்து. கூட்டத்தின் நடுவிலேயே ஒரு பொதி பலமுறை கைமாறும், சுற்றி நிற்பவர்களில் ஒருவருக்கும் விலை தெரியாது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தோளில் கிடந்த துண்டைக் கைமேல் போட்டுத் தரகர்கள் பேசும் பேச்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விரல் மொழி இரகசிய மொழி அல்ல. சந்தையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும். வழிப்போக்கராக வந்த ஒரு பிரெஞ்சுக்காரரே அட்டவணை போடும் அளவுக்குத் தெரியும். மறைந்திருந்தது அன்றைக்குச் சொன்ன தொகை மட்டும்தான். இருவர் தமக்குள் பேசும் பேரத்தில் மூன்றாமவர் பங்காளி அல்ல. அவருக்குத் தொகை தெரியாமல் போனால் அவர் எதையும் இழப்பதில்லை.

ஆக, ஏலமோ பேரமோ எதுவானாலும் அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பொருள் ஒன்று, பொருளைப் பற்றிச் சொல்லும் செய்தி ஒன்று, செய்தியைச் சொல்லப் பயன்படும் மொழி ஒன்று. அரிப்பின் ஏலத்தில் பொருள் மறைவு, கேட்ட விலை ஊருக்கே கேட்கும். துணிக்கடியில் செய்தி மறைவு. இரண்டிலும் மொழி பொது. பொருளை மறைத்தும் ஆட்டம் நடக்கும், செய்தியை மறைத்தும் ஆட்டம் நடக்கும். மொழியை மறைத்தால் ஆட்டமே இல்லை, ஏனென்றால் எதிரே இருப்பவர் அப்போது போட்டியாளராக இல்லை, வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். பிரிட்ஜ் எழுப்பும் கேள்வி இந்த மூன்றாவது அடுக்கைப் பற்றியது.

முந்நூற்று நான்கு ஆடத் தெரிந்த யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னார்க்காரருக்கும் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முப்பத்திரண்டு சீட்டு, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. கூட்டாளி எதிரே, எதிரணி இரு பக்கமும். கேள்வி கேட்டு எடுத்தவர் தன் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டு மறைந்திருப்பதுதான் ஆட்டத்தின் உயிர், அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அங்கே கேள்வியின் மொழி மிகச் சிறியது. ஒருவர் கேட்பது வெறும் தொகை. இத்தனை எடுப்பேன் என்பதைத் தவிர அதில் ஒளித்து வைக்கப் பெரிதாக இடமில்லை. அதனால்தான் முந்நூற்று நான்கில் கள்ளம் செய்ய நினைப்பவர் கேள்வியை விட்டுவிட்டு மூக்கைச் சொறியவும் தொண்டையைச் செருமவும் போகிறார். பிரிட்ஜ் அப்படி இல்லை. ஐம்பத்திரண்டு சீட்டும் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரிகிறது. கிளாவர், டயமண்ட், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லாத நோட்ரம்ப் என்ற ஐந்தையும் ஒன்று முதல் ஏழு வரை கேட்கலாம். அது முப்பத்தைந்து கேள்வி. பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்தால் முப்பத்தெட்டுச் சொல். அவ்வளவுதான் முழு அகராதியும். ஒருவர் கையில் வரக்கூடிய பதின்மூன்று சீட்டுச் சேர்க்கைகளோ 63,500 கோடிக்கு மேல். இந்தச் சொற்பஞ்சம்தான் பிரிட்ஜ் கேள்வியைக் கலையாக்கியது. சொல் போதாததால் ஆடுகிறவர்கள் சொற்களுக்குப் புதிய பொருள் கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டாளி ஒரு நோட்ரம்ப் என்று திறந்தால் அதற்கு இரண்டு கிளாவர் என்று பதில் சொல்வது கிளாவரைப் பற்றியே அல்ல, உன்னிடம் ஆட்டினிலோ இஸ்பேட்டிலோ நான்கு சீட்டு உண்டா என்று கேட்பது. 1945இல் சாம் ஸ்டேமன் இதை எழுதி வெளியிட்டதிலிருந்து உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இப்போது மேசைக்கு நெருங்கி ஓர் ஆட்டத்தைப் பார்க்கலாம். ஒருவர் இரண்டு டயமண்ட் என்று திறக்கிறார். அவர் கையில் டயமண்ட் ஒன்றோ இரண்டோதான். ஆட்டினில் ஆறு சீட்டு அல்லது இஸ்பேட்டில் ஆறு சீட்டு, இரண்டில் எது என்று இன்னும் சொல்லவில்லை, பலம் குறைந்த கை. சில ஜோடிகள் இதே கேள்விக்குள் மிகப் பலமான கையொன்றையும் சேர்த்து வைத்திருக்கும். மல்ட்டி என்று பெயர் பெற்ற இந்த ஒப்பந்தம் 1960களின் கடைசியில் பிரித்தானிய ஆட்டக்காரர்களிடமிருந்து பரவியது. எதிரணிக்காரர் கண்ணுக்கு மேசையில் தெரிவது டயமண்ட். அவர் அதை அப்படியே நம்பினால் அவருடைய அடுத்த முடிவு முழுவதும் பிழை. கேட்டவரின் கூட்டாளிக்கோ உண்மைப் பொருள் தெரியும். ஆகவே அந்தக் கூட்டாளி உடனே அலர்ட் அட்டையைத் தொட்டுக் காட்டுகிறார், இந்தக் கேள்வி பார்த்தபடி இல்லை, வேண்டுமானால் கேளுங்கள் என்பது அதன் பொருள். எதிரணி கேட்டால், ஆறு ஆட்டின் அல்லது ஆறு இஸ்பேட், பெரிய சீட்டுகளின் கணக்கில் ஆறிலிருந்து பத்துப் புள்ளி வரை, பலமான கை எதுவும் இதில் சேராது என்று விளக்குகிறார். கேட்டவர் தன் கேள்வியைத் தானே விளக்குவதில்லை, கூட்டாளிதான் விளக்குகிறார். கேட்டவருக்குத் தன் கையிலுள்ள சீட்டுத் தெரியும், அவர் வாயைத் திறந்தால் கை வெளிவந்துவிடும். கூட்டாளிக்குத் தெரிந்தது ஒப்பந்தம் மட்டும். எதிரணிக்கு உரிமை உள்ளதும் அந்த ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். மொழியை வெளியே கொடுத்துப் பொருளை உள்ளே வைத்துக்கொள்ளும் வேலையை விதி இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கொட்டில் பிரிப்பவரையும் தேர்பவரையும் வேறாக்கியதற்கு இதைவிட நெருங்கிய உறவு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானதுதான். ஒரு ஜோடி பல வருடம் சேர்ந்து உழைத்து ஒரு முறையை உருவாக்குகிறது, இராத்திரி பகலாகக் குறிப்பெழுதி மனப்பாடம் செய்கிறது, அந்த உழைப்பின் பலனை எதிரே உட்கார்ந்தவருக்கு ஏன் சும்மா தரவேண்டும்? வணிகர் தன் கண்ணால் கற்றதை யாருக்கும் சொல்வதில்லையே? பதில் அந்த ஒப்பந்தங்களின் உள்ளேயே இருக்கிறது. ஒரு நோட்ரம்ப் திறப்புக்கு இரண்டு டயமண்ட் என்று பதில் சொல்லி ஆட்டின் ஐந்து சீட்டைக் காட்டும் மாற்றுக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். அதன் பயன், பலமான கை கடைசிக் கேள்வியை எடுத்து மேசையில் மறைந்திருக்கும், முதல் சீட்டு அந்தக் கையை நோக்கி வரும் என்பது. எதிரணிக்கு இது முழுவதும் தெரிந்தாலும் இந்தப் பயனில் ஓர் இழை குறையாது. ஸ்டேமன் கேள்வியும் அப்படியே. நல்ல ஒப்பந்தத்தின் பலம் அது கூட்டாளிக்குச் சொல்லும் செய்தியின் துல்லியத்தில் இருக்கிறது, எதிரியின் அறியாமையில் இல்லை. சொல்லிவிட்டால் பலன் போய்விடும் என்ற ஒப்பந்தம் ஒன்று உண்டானால், அது ஒளித்து வைத்ததால் மட்டும் பலன் தந்தது, அதில் உழைப்பு இருந்திருக்கலாம், கலை இருக்கவில்லை. முத்து வணிகரின் கண்ணும் இதே வகை. துளை எண்ணிக்கையால் தரம் பிரிக்கும் பத்துப் பித்தளைப் பெட்டிகளும், இருபது துளையிலிருந்து ஆயிரம் துளை வரை, முகாமில் எல்லோரிடமும் இருந்தன. தரங்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பெட்டியில் நின்ற முத்தை உள்ளங்கையில் உருட்டி அதன் நீரோட்டத்தைப் பார்த்து இதற்கு இவ்வளவு என்று சொல்கிற அறிவை அளவுகளைப் பகிர்ந்ததால் யாரும் இழக்கவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஆட்டத்தில் வியப்பு எங்கே, துணிச்சலான பொய்க்கு இடம் எங்கே? இடம் உண்டு, பிரிட்ஜ் விதி அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் இஸ்பேட் என்று கேட்டு எதிரணியைக் கலைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஒரே நிபந்தனை, அந்தப் பொய்யை எதிர்பார்க்க எதிரணியைவிடக் கூட்டாளிக்கு அதிகக் காரணம் இருக்கக்கூடாது. கூட்டாளியும் ஏமாற வேண்டும். தன் அணியையே ஆபத்தில் தள்ளத் துணிந்தவருக்குத்தான் பொய் சொல்லும் உரிமை. இந்த நிபந்தனையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு கூடுகிறது. ஏனென்றால் இதன் மறுபக்கமும் விதிக்குள் வந்துவிடுகிறது. ஒருவர் இதே இடத்தில் இதே பொய்யை மூன்றாம் முறை நான்காம் முறை சொல்லும்போது, கூட்டாளி அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பேசி வைக்கவில்லை, எழுதி வைக்கவில்லை, ஆனாலும் பழக்கத்தில் ஓர் ஒப்பந்தம் பிறந்துவிட்டது. பிறந்த கணத்திலிருந்து அதையும் எதிரணிக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பது பிரிட்ஜில் விடை ஆகாது. இருபது வருடம் சேர்ந்து ஆடிய இருவருக்கு இடையில் வாய்விட்டுச் சொல்லாமலே எவ்வளவோ விளங்கும். அந்த விளக்கத்தையும் தேடிப் பிடித்து, சொல்லாக்கி, எதிரே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் விளையாட்டு வேறொன்று எனக்குத் தெரியாது. தன் பழக்கத்தைத் தானே வெளியில் நின்று பார்க்கத் தெரிந்தவரால்தான் அது முடியும். இதைக் கலை என்று சொல்வதற்கு நான் தயங்காததன் காரணம் இதுதான்.

மொழி மறைவாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் உதாரணத்தை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1965இல் புவனஸ் ஐரிசில் நடந்த உலகப் போட்டியில் பிரித்தானிய ஜோடி டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ மீது எழுந்த குற்றச்சாட்டு, சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் தங்கள் ஆட்டின் சீட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டார்கள் என்பது. உலக பிரிட்ஜ் அமைப்பு குற்றம் என்றது, இலண்டனில் 1966இல் முடிந்த விசாரணை அது நிரூபிக்கப்படவில்லை என்றது, தகராறு இன்றுவரை ஓயவில்லை. யார் பக்கம் உண்மை என்பதை விடுவோம். குற்றச்சாட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். துணிக்கடியில் விரல் பேசியபோது எவரும் கள்ளம் என்று சொல்லவில்லை. அங்கே கை மறைந்திருந்தது, கணக்கு ஊரறிந்தது. இங்கே விரல்கள் எல்லோர் கண் முன்னாலும் இருந்தன, கணக்கு இருவருக்கு மட்டும் தெரிந்தது என்பதே புகார். மறைவு இருந்த இடம்தான் வேறுபாடு முழுவதும். 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியிலிருந்து பெரிய ஆட்டங்களில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் திரையின் தன் பக்கத்தில் இருக்கும் எதிரணிக்காரருக்கு எழுதிக் காட்டி விளக்குகிறார், தன் கேள்வியையும் தானே விளக்குகிறார், ஏனென்றால் கூட்டாளிக்கு அது கேட்காது. விளக்கம் கொடுப்பதன் மூலமே கூட்டாளிக்கு நினைவூட்டிவிடலாமே என்ற சந்தேகத்துக்குத் திரை ஒரு விடை. திரை இல்லாத மேசையில், கூட்டாளியின் விளக்கத்தால் தெரிந்துகொண்டதைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி அந்த வேலையைச் செய்கிறது, திரையைப் போல முழுமையாக இல்லாவிட்டாலும்.

மூன்றாவதாக வருவது நேரத்தைப் பற்றிய கவலை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். போலந்திலிருந்து வந்த சில முறைகளில் பாஸ் என்பதற்குப் பலமான கை என்று பொருள், ஒன்றுமில்லாத கையோடு கேள்வியைத் திறந்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் தலைகீழாக்கிய மொழி. அதை ஆடும் ஜோடி ஒரு வரி விடாமல் விளக்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு அதற்கு எதிர்முறை வகுத்துவிட யாரால் முடியும்? சொல்லியாகிவிட்டது என்பது மட்டும் வெளிப்படை ஆகாது, கேட்டவர் அதை வைத்து ஏதாவது செய்ய அவகாசம் இருந்திருக்க வேண்டும். உலக பிரிட்ஜ் அமைப்பு முறைகளுக்கு நிறம் கொடுத்து வைத்திருப்பது இதனால்தான். இயல்பான முறைகளுக்குப் பச்சை, பலமான கிளாவரை வைத்துக் கட்டியவற்றுக்கு நீலம், செயற்கையானவற்றுக்குச் சிவப்பு, மிக விசித்திரமானவற்றுக்கு மஞ்சள். மஞ்சள் முறையை நீண்ட ஆட்டங்களில், அதுவும் முன்கூட்டி எழுதிக் கொடுத்து எதிரணி ஆயத்தப்பட விட்டுத்தான் ஆடலாம், சிறு போட்டிகளில் இடமில்லை. புதுமைக்கு இது தடை என்று சிலர் கோபப்படுகிறார்கள். புதுமைக்கு விதித்த காத்திருப்பு என்று நான் சொல்வேன். அரிப்பின் அறிவித்தல் ஏலம் நடக்கும் இரவில் ஒட்டப்படவில்லை, கடல் கடந்து வருகிறவர் பணம் திரட்டிப் படகேறும் அளவுக்கு முன்பே வந்தது. அந்த அவகாசம் இல்லாதிருந்தால் கரையில் ஏற்கெனவே இருந்த நாலு பேர் மட்டும் கேட்கிற ஏலமாக அது முடிந்திருக்கும்.

விளக்கத்தின் தரத்திலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, இங்கேதான் இரசனை வேண்டும். கேட்கப்பட்டதும் மல்ட்டி என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்பவர் விதியின் எழுத்தைக்கூட நிறைவேற்றவில்லை. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு ஒப்பந்தம் வழங்குகிறது. அந்தப் பெயரைக் கேள்விப்படாத புதியவர் மேலும் கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். நல்ல ஆட்டக்காரர் பெயரைச் சொல்வதில்லை, கையைச் சொல்கிறார், இத்தனை சீட்டு, இத்தனை புள்ளி, இது இருக்கும், இது இருக்காது. கேட்பவர் எதைக் கேட்க மறந்தார் என்பதையும் ஊகித்துச் சொல்கிறார். எதிரணியில் ஒருவர் வயதில் சிறியவரோ அனுபவம் குறைந்தவரோ ஆனால் குரலை நிதானமாக்கி, அவருக்குப் பழக்கமான சொற்களில் சொல்கிறார். 2018இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுகளில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, கூட்டாளி சிப்நாத் சர்க்காருக்கு 56. பாய்ச்சலும் வேகமும் கேட்காத இந்த விளையாட்டில், பேரனும் தாத்தாவும் எதிரெதிரே உட்கார்ந்து சமமாக மோத முடிவது இந்த விளக்கத்தின் புண்ணியத்தால்தான். இல்லையென்றால் யாரிடம் அதிகச் சங்கேதம் இருக்கிறதோ அவர் வெல்லும் ஆட்டமாக அது என்றோ குறுகிப்போயிருக்கும்.

விளக்கியவரே பிழையாக விளக்கிவிட்டால்? விதி இங்கே காட்டும் கூர்மைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கூட்டாளி எதிரணிக்குச் சொன்ன விளக்கம் எங்கள் ஒப்பந்தம் அல்ல என்று கேட்டவருக்குத் தெரிகிறது. அவர் உடனே பாயக்கூடாது, பாய்ந்தால் கூட்டாளிக்கு விழிப்பு வந்துவிடும். அதே நேரம் பேசாமல் விழுங்கிவிடவும் முடியாது. அவர் பக்கம் கடைசிக் கேள்வியை எடுத்திருந்தால், முதல் சீட்டு இறங்குவதற்கு முன்னால் நடுவரை அழைத்து, கூட்டாளியின் விளக்கம் தவறு, எங்கள் ஒப்பந்தம் இது என்று சொல்லியாக வேண்டும். தடுத்து ஆடும் பக்கமாக இருந்தால் கடைசிப் பிடி முடியும் வரை காத்திருந்து அப்போது சொல்ல வேண்டும். இதனால் புள்ளி போகலாம், தோற்கவும் தோற்கலாம். இதைவிட நுணுக்கமான இன்னொரு நிலையும் உண்டு. கூட்டாளி ஒப்பந்தத்தைச் சரியாகவே விளக்கிவிட்டார், மறந்து தவறாகக் கேட்டவர் நான்தான். என் கையில் இருப்பது அவர் சொன்னது அல்ல. அப்போது நான் வாய் திறக்க வேண்டியதில்லை. எதிரணி சரியான மொழிபெயர்ப்பைப் பெற்றுவிட்டது, என் கை தவறிப்போனது என் பொருள், அது ஓட்டுக்குள்ளேயே இருக்கலாம். இரண்டு நிலையிலும் எதிரணி மேசையில் ஏமாந்திருக்கும், ஒன்றில் அதற்குப் பரிகாரம் உண்டு, மற்றதில் இல்லை. முதல் தடவை கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டை, பிரிட்ஜ் மேசையில் நடுவர்கள் வருடக்கணக்காக அசையாமல் காத்து வருகிறார்கள்.